"வம்சத்துல உண்டுங்களா?" என்று கேட்பவர்களுக்கு

கொங்கு நாட்டில் திருமணத் தகவல் மையம் நடத்துபவர்களுக்கும், தரகர்களுக்கும், சீர் செய்து வைக்கும் அருமைக்காரர்களுக்கும், பெண் வீடு மாப்பிள்ளை வீடு என்று விசாரித்துச் சொல்லும் எல்லாப் பெரியவர்களுக்கும் வணக்கமுங்க.

உங்கள் பதிவுப் படிவத்தில் கூட்டம் என்கிற குலப்பிரிவு, நட்சத்திரம், படிப்பு, காடு எத்தனை ஏக்கர், வீடு சொந்தமா வாடகையா என்று வரிசையாகக் கேட்கிறீர்கள். எல்லாம் முடிந்த பிறகு இன்னொரு கேள்வி வரும். சிலர் எழுத்திலேயே கேட்பீர்கள், பலர் குரலைத் தாழ்த்தி வாய்ப்பேச்சாகக் கேட்பீர்கள்: "வம்சத்துல யாருக்காச்சும் நரம்புத் தளர்ச்சி, மனசு சரியில்லாம, அந்த மாதிரி ஏதாச்சும் இருந்துச்சுங்களா?" அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல். அதை விட்டுவிடுங்கள் என்று கேட்கிறேன். காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துப் படியுங்கள்.

நான் காங்கேயம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்புக்கு மரபியல் நடத்துவது என் பொறுப்பு. என் அப்பாவைப் பெற்ற ஆத்தாவுக்குப் பதட்ட நோய் இருந்தது. அப்பாவுக்கு இருக்கிறது. தங்கைக்கும் இருக்கிறது. எனக்கு இல்லை. ஆகவே நீங்கள் கேட்கும் கேள்வி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்த கேள்வி. அதற்கான பதிலோ நான் வருடம் தவறாமல் வகுப்பில் நடத்துகிற பாடம்.

முதலில் எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிவிடுகிறேன். தூக்கம் வராதவர், மூலையில் பேசாமல் உட்காருபவர், காதில் குரல் கேட்பவர், கூட்டத்தைக் கண்டால் கை நடுங்குபவர் எல்லோரையும் நம் ஊரில் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். பதட்ட நோய் தனி. பேருந்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று நெஞ்சு படபடக்கும். மூச்சு முட்டும், உள்ளங்கை வியர்க்கும், இதோ செத்துவிடப் போகிறோம் என்று தோன்றும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் அப்புறம் மெல்ல இறங்கும். கோயம்புத்தூருக்கோ ஈரோட்டுக்கோ தூக்கிக்கொண்டு ஓடி ஈசிஜி எடுத்தால் இதயத்தில் ஒன்றுமில்லை என்பார்கள். இது ஒரு வகை. பிள்ளை படிப்பு, மாட்டுக்கு நோய், கடன், மழை என்று எதையாவது பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓயாமல் கவலைப்படுவது இன்னொரு வகை. நாலு பேர் நடுவில் பேசவோ சாப்பிடவோ முடியாமல் ஒடுங்கிப் போவது மற்றொன்று. இவர்களின் அறிவுக்கோ குணத்துக்கோ ஒரு குறையும் கிடையாது. வேலைக்குப் போவார்கள், வரவு செலவு பார்ப்பார்கள், உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்து பந்தி பரிமாறவும் செய்வார்கள். உள்ளே என்ன பாடுபடுகிறார்கள் என்பது பக்கத்து இலைக்காரருக்குத் தெரியாது.

சரி, இது வம்சத்தில் வருமா? வரும். அதை மூடி மறைக்க நான் இந்த மடலை எழுதவில்லை. "நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்று நீங்கள் சொல்வதில் உண்மை கொஞ்சம் உண்டு. எவ்வளவு என்பதில்தான் சிக்கல்.

அமெரிக்காவில் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஹெட்டெமா, நீல், கெண்ட்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள், அதுவரை நடந்த தரமான குடும்ப ஆய்வுகளையும் இரட்டையர் ஆய்வுகளையும் ஒன்று சேர்த்து 2001இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இன்றும் இந்தத் துறையில் பேசுபவர்கள் அதிலிருந்துதான் தொடங்குவார்கள். பெற்றவருக்கோ கூடப் பிறந்தவருக்கோ பதட்ட நோய் இருந்தால், ஒருவருக்கு அது வரும் சாத்தியம், நோயின் வகைக்குத் தக்கபடி, ஏறத்தாழ நாலிலிருந்து ஆறு மடங்கு கூடுகிறது என்று கண்டார்கள்.

மடங்குக் கணக்கைக் கேட்டதும் தரகர் போனை எடுத்துவிடுவார் என்று தெரியும். ஆனால் எதன் மடங்கு என்று பார்க்க வேண்டும். திடீர் படபடப்பு நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வுகளில் நோயாளிகளின் நெருங்கிய ரத்த உறவினர் சுமார் 10 பேரில் ஒருவருக்கு அந்த நோய் இருந்தது. நோயில்லாதவர்களின் உறவினர்களில் சுமார் 50 பேருக்கு ஒருவர். வித்தியாசம் பெரியதுதான், மறுக்கவில்லை. அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நோயாளியின் உடன்பிறப்புகள், பிள்ளைகள் என்று 10 பேரைப் பிடித்தால், 9 பேருக்கு அந்த நோய் இல்லை. "வம்சத்துல இருக்குது" என்று சொல்லி நீங்கள் ஓரங்கட்டும் ஜாதகங்களில் பெரும்பாலானவை அந்த ஒன்பது பேருடையவை. என்னுடையதும் அதில் ஒன்று.

இரட்டையர் கணக்கு இன்னும் சுவாரசியமானது. ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையருக்கு மரபணு முழுக்க ஒன்று. இரு கருவில் உருவாகிச் சேர்ந்து பிறந்தவர்களுக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. இரண்டு வகையினரும் ஒரே வீட்டில் ஒரே சோறு தின்று வளர்கிறார்கள். முதல் வகையில் இருவருக்கும் நோய் வருவது இரண்டாம் வகையைவிட எவ்வளவு அதிகம் என்று பார்த்தால் மரபின் பங்கு பிடிபடும். பதட்ட நோய்களுக்கு வந்த விடை, பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன்: உயரத்தில் மரபின் பங்கு சுமார் 80 சதவீதம்.

இந்த இடத்தில் மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறுவார்கள், பெரியவர்களும் தடுமாறுவார்கள். 35 சதவீதம் என்றால் பிறக்கும் பிள்ளைக்கு நோய் வர 35 சதவீத வாய்ப்பு என்று பொருள் கிடையாது. ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வித்தியாசத்தில் பிறவியின் பங்கு எவ்வளவு, வாழ்க்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கிற கணக்கு அது. மஞ்சள் போட்டவர்களுக்கு எளிதில் புரியும். ஒரே தாய்க்கிழங்கில் ஒடித்த விதை மஞ்சளில் பாதியைக் காலிங்கராயன் வாய்க்கால் ஓரத்திலும் மறுபாதியை வெள்ளகோவில் பக்கத்து வறட்டுக் காட்டிலும் நட்டுப் பாருங்கள். பிறவி இரண்டுக்கும் அச்சு அசலாக ஒன்று. விளைச்சல் ஒன்றாக வருமா?

மீதி 60, 70 சதவீதம் வாழ்க்கையிடம் இருக்கிறது. சிறுவயதில் பெற்றவரை இழப்பது, வீட்டுச் சண்டை, அடி, பள்ளியில் பட்ட அவமானம், கடன், நீண்ட நோய், பாதுகாப்பில்லாத வேலையிடம் என்று அது விரியும். அதிலும் பெரும்பங்கு ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு நேர்ந்து இன்னொருவருக்கு நேராத அனுபவங்களுக்கு என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. நானும் தங்கையும் ஒரே திண்ணையில் வளர்ந்தும் ஆளுக்கொரு விதமாக ஆனதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொரு செய்தி உங்கள் கேள்வியின் அடிப்படையையே ஆட்டிவிடும். கெண்ட்லர் குழுவினர் 1992இல் பெண் இரட்டையர்களை ஆராய்ந்தபோது, ஓயாத கவலை நோய்க்கும் மனச்சோர்வு நோய்க்கும் அடியில் இருக்கும் மரபுக் காரணிகள் ஒன்றே என்று கண்டார்கள். எந்த உருவத்தில் வெளிப்படும் என்பதை வாழ்க்கைதான் தீர்மானிக்கிறது. அதாவது வழிவழியாக வருவது எளிதில் பாதிக்கப்படும் ஒரு பொதுவான தன்மை. அது ஒருவரிடம் ஓயாத கவலையாக வரலாம், இன்னொருவரிடம் சோர்வாக வரலாம், பலரிடம் ஒன்றுமாகவும் ஆகாமல் போகலாம். "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்க" என்று சொல்லும் வீட்டிலும் கூட்டத்தைக் கண்டால் நடுங்கி, அந்த நடுக்கத்தை அடக்கக் குடிக்கத் தொடங்கி, குடிகாரர் என்று மட்டும் பெயரெடுத்துச் செத்த பெரியப்பா ஒருவர் இருப்பார். அவரைப் பற்றி விசாரணையில் "கொஞ்சம் தண்ணி போடுவாருங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மருத்துவரிடம் போய் மாத்திரை வாங்கிய பெண் மட்டும் மாட்டிக்கொள்வாள். பதட்ட நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு அதிகம் காணப்படுகிறது. விசாரணையின் கடுமையும் பெண் பக்கம்தான் அதிகம். இரண்டும் சேர்ந்து யார் தலையில் விழுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

எங்கள் ஆத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா சந்தைக்குப் போன வண்டி திரும்ப நேரமானால் ஆத்தா வாசலில் வந்து நிற்கும். முந்தானை நுனியை ஆள்காட்டி விரலில் இறுக்கிச் சுற்றும், பிரிக்கும், மறுபடி சுற்றும். விரல் நுனி வெளுத்துப் போயிருக்கும். "வண்டி கவுந்திருக்குமோ கண்ணு?" என்று எங்களையே கேட்கும். நாங்கள் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க மாட்டோம், அந்த விரலைத்தான் பார்ப்போம். ஆத்தா காலமான பிறகு அதே வாசலில் அப்பா நிற்கத் தொடங்கினார். தங்கை கல்லூரியிலிருந்து வரும்போது பேருந்து படியூர் தாண்டியதா, ஏன் இன்னும் தாண்டவில்லை என்று போன் மேல் போன். இப்போது தங்கை எங்கள் அம்மா போன் எடுக்கத் தாமதமானால் பக்கத்து வீட்டுக்குப் போன் போடுகிறாள்.

ரத்தத்தில் வந்ததா, வாசலில் பார்த்துப் பழகியதா? இரண்டும் இருக்கலாம். சூசன் மினேக்கா என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் ரீசஸ் குரங்குகளை வைத்து ஆராய்ந்தார். காட்டில் வளர்ந்து பிடித்துவரப்பட்ட குரங்குகள் பாம்பைக் கண்டால் மிரண்டன. ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த அவற்றின் குட்டிகளுக்கு அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. அதே ரத்தம்தான், பயம் மட்டும் கூட வரவில்லை. பெற்றவை பாம்பைக் கண்டு மிரள்வதைக் கொஞ்ச நேரம் பார்க்கவிட்டதும் குட்டிகளுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் போகவில்லை.

குரங்கு வேறு, மனுசன் வேறு என்பீர்கள். மனிதர்களை வைத்தும் பார்த்திருக்கிறார்கள். லண்டனைச் சேர்ந்த தாலியா எலி குழுவினர் சுவீடனில் இரட்டையர்களையும் அவர்களுடைய வளரிளம் பிள்ளைகளையும் சேர்த்து ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அருமையான ஏற்பாடு அது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருத்தியின் பிள்ளைக்குத் தன் தாயும் பெரியம்மாவும் மரபணுக் கணக்கில் ஒன்றேதான். பதட்டம் மரபால் மட்டும் கைமாறுகிறது என்றால், பெரியம்மாவுக்குப் பதட்டம் இருப்பதும் தாய்க்கு இருப்பதும் பிள்ளைக்கு ஒரே மாதிரி விளைய வேண்டும். அப்படி விளையவில்லை. கூடவே இருந்து வளர்த்தவரின் பதட்டம்தான் பிள்ளையிடம் தெரிந்தது. மரபைக் கணக்கில் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது.

இதைக் கேட்டுவிட்டு "அப்ப அம்மாகாரிதான் காரணம்" என்று கிளம்பிவிடாதீர்கள். பயந்த பிள்ளையைப் பார்த்துப் பெற்றவருக்குப் பயம் கூடுவதும் நடக்கிறது. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்த ஆய்வு உதவாது. ஒரே ஒரு செய்தியைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்: வாசலில் பழகியதை வாசலிலேயே மாற்றவும் முடியும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இடையில் ஒரு எச்சரிக்கை. எச்சிலைக் குழாயில் அனுப்பினால் மரபணு பார்த்து மனநோய் வருமா என்று சொல்லிவிடுவோம் என்கிற விளம்பரங்கள் கைப்பேசியில் வரத் தொடங்கிவிட்டன. நாளைக்கு ஜாதகத்தோடு அந்த அறிக்கையையும் கேட்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைக் கையாளும் ஒரு மரபணுவுக்கும் பயந்த சுபாவத்துக்கும் தொடர்பு உண்டென்று 1996இல் ஓர் ஆய்வு சொன்னது. பெரிய பரபரப்பானது. அந்த ஆய்வின்படியே அதன் பங்கு வெறும் 3, 4 சதவீதம். பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அதுவும் உறுதியாக நிற்கவில்லை. 2020இல் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் சுமார் 2 லட்சம் பேரின் மரபணுத் தொகுதியை அலசியபோது பதட்டத்தோடு தொடர்புள்ள இடங்கள் ஆறுதான் துலங்கின. ஒவ்வொன்றின் பங்கும் மிகமிகச் சிறியது. இதுபோல எத்தனையோ சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்ததுதான் மரபின் அந்த முப்பது நாற்பது சதவீதம். இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். ஆகையால் இன்னாருக்குப் பதட்ட நோய் வரும், இன்னாருக்கு வராது என்று சொல்லும் மரபணுப் பரிசோதனை இன்றைக்கு எந்த ஆய்வகத்திலும் கிடையாது. சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று பழிபோடுவதும் இங்கே பொருந்தாது. தாலசீமியா என்ற ரத்த நோய் போல ஒற்றை மரபணுவில் வரும் நோய்களுக்கு அந்தக் கவலை நியாயம். இது அந்த இனம் அல்ல.

இப்போது உங்கள் கேள்வி எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று சொல்கிறேன். தங்கையின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த பிறகு அவளுக்குத் திடீர் படபடப்பு வந்தது. மனநல மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். தைராய்டு கூடினாலும் ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் அது இல்லை என்று உறுதி செய்துகொண்டார். செர்ட்ராலின் மாத்திரை கொடுத்தார். கூடவே வாராவாரம் பேச்சு சிகிச்சை. பயந்து ஒதுங்கிய இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போய்ப் பழக்குகிற முறை அது. சில வாரங்களில் தெளிந்துவிட்டாள். பேருந்தில் தனியாகப் போனாள், ஆர்டர் கணக்கைப் பார்த்தாள், என்னைக் கிண்டல் செய்தாள்.

அப்புறம் வரன் பார்க்கத் தொடங்கினோம். அம்மா மாத்திரை அட்டையைப் புளி டப்பாவுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். யாராவது பார்த்துவிட்டால் தைராய்டு மாத்திரை என்று சொல்லச் சொன்னார். ஜாதகம் பொருந்தி, குலதெய்வம் கோயிலில் பூவாக்கும் கேட்டு, மண்டபம் விசாரிக்கிற அளவுக்கு வந்த ஒரு சம்பந்தம் திடீரென்று நின்றுபோனது. விசாரிக்க வந்தவர் மருந்துக் கடையில் கேட்டிருக்கிறார், கடையில் சொல்லியிருக்கிறார்கள். தரகர் அம்மாவுக்குப் போன் செய்தார். "ஒன்னுமில்லீங்க. வம்சத்துல இருக்குதுங்களாமா. அவிய கொஞ்சம் யோசன பண்றாங்க." அவ்வளவுதான் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அன்றைக்கு இரவே தங்கை மாத்திரையை நிறுத்திவிட்டாள். மருத்துவரைக் கேட்கவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. இந்த மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, அளவைக் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை என்று தொடங்கி, பழைய படபடப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பியது. அடுத்த வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டோடு வந்தவள் நிலைக்கதவைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டாள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுவென்று சத்தம். கூடம் முழுக்கக் கேட்டது. வந்தவர்கள் நல்ல மனிதர்கள், "அம்மணிக்கு வெக்கம்" என்று சிரித்தார்கள். நான் எழுந்து போய்த் தட்டை வாங்கினேன். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது.

பெரியவர்களே, நோயில் மரபின் பங்கைத் தெரிந்துகொள்ளத்தானே விசாரித்தீர்கள்? அந்த விசாரணை போய்ச் சேர்ந்த இடம் மற்றப் பங்கு. மரபுக்கு வெளியே இருக்கிற அந்த 60, 70 சதவீதத்தில் நீங்களும் ஒரு காரணமாக நிற்கிறீர்கள். பயந்த சுபாவத்தோடு பிறந்த பெண்ணுக்கு, தன்னை ஊரே உற்றுப் பார்க்கிறது, ஒரு மாத்திரை அட்டை வெளியே தெரிந்தால் வாழ்க்கை போச்சு என்கிற பயத்தையும் ஊட்டி வளர்த்தால் என்ன ஆகும்? பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பதட்டம், மனச்சோர்வு போன்ற பரவலான மனநோய் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பது தெரிந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. கொங்கு நாட்டில் கல்யாண வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் முதல் காரணம் எது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சர்க்கரை நோயை எப்படி நடத்துகிறோம் என்று பாருங்கள். அதுவும் வம்சத்தில் வருவதுதான். மாப்பிள்ளையின் அய்யனுக்குச் சர்க்கரை, அப்புச்சிக்குச் சர்க்கரை என்றால் யாராவது சம்பந்தத்தை நிறுத்தியதுண்டா? பந்தியில் அவருக்குத் தனியாகச் சர்க்கரை போடாத காபி கேட்டு வாங்கிக் கொடுக்கிறோம். மாத்திரை போட்டீங்களா என்று அக்கறையாகக் கேட்கிறோம்.

"மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்கன்னு நாளைக்கு வந்து நின்னா நாங்க என்னங்க பண்றது?" என்று தரகர்கள் கேட்பது நியாயமான கேள்வி. இரண்டு விசயம் சொல்ல வேண்டும். திடீர் படபடப்பு நோய் பலருக்கு முதன்முதலாகத் தலைகாட்டுவதே இருபதுகளில்தான். நம் ஊரில் பெண்ணும் பையனும் கல்யாணம் கட்டி, வீடு மாறி, வாழ்க்கை தலைகீழாகிற வயதும் அதுவே. ஆகவே கல்யாணத்துக்குப் பின் முதல் தடவை வந்தால் மறைத்தார்கள் என்று பொருள் இல்லை. அதற்கு முன் அது இருந்திருக்கவே வேண்டியதில்லை. எத்தனை பெண்கள் இந்த ஒரு பழியைச் சுமந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இன்னொன்று, சட்டம். இந்து திருமணச் சட்டம் கல்யாணத் தகுதியைச் சொல்லும் இடத்தில், மனநோய் மணவாழ்க்கைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தகுதியற்றவராக ஆக்கும் அளவுக்குக் கடுமையானதா என்று பார்க்கிறது; விவாகரத்தில், கூடி வாழ்வார் என்று எதிர்பார்க்கவே முடியாத அளவுக்கானதா என்று பார்க்கிறது. நோயின் பெயர் மட்டும் போதாது, அதன் அளவைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் ஒரு விவாகரத்து வழக்கிலேயே தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கு மனச்சிதைவு என்ற கடுமையான மனநோயைப் பற்றியது. அதற்கே அப்படியென்றால் வேலைக்குப் போய் வீட்டையும் பார்த்துக்கொள்ளும் ஒரு பதட்ட நோயாளியைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதை நோயாளியின் உரிமையாக எழுதி வைத்திருக்கிறது. மருத்துவமனைச் சிட்டைகளைத் தேடிப் போகும் விசாரணை அந்த உரிமையில் கை வைக்கிறது.

அதற்காக மறைக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. மறைத்துக் கட்டிய வீட்டில் மாத்திரையை ஒளித்து ஒளித்துப் போட வேண்டும், கடைசியில் நிறுத்தவும் வேண்டிவரும். பிள்ளை உண்டாகும்போது மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசி முடிவெடுக்கவும் முடியாது. ஆனால் யார் சொல்வது, யாரிடம் சொல்வது? சொல்ல வேண்டியவர் நோயுள்ளவர். கேட்க வேண்டியவர் அவரைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். இருவரும் உட்கார்ந்து நிதானமாகப் பேச ஒரு மணி நேரம் கொடுங்கள். கூடத்தில் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, பின்கட்டில் அஞ்சு நிமிடம் பேசிவிட்டு வரச் சொல்வது போதாது. தன் நோயைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர் சிகிச்சையில் இருப்பவர், தன்னைக் கவனித்துக்கொள்ளத் தெரிந்தவர். "எங்களுக்கு ஒன்னுமே இல்லீங்க" என்கிற பதிலைவிட அது நல்ல செய்தி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். படிவத்தில் அந்தக் கேள்வி இருந்தால் எடுத்துவிடுங்கள். வாயாலும் கேட்காதீர்கள். பெரியப்பாவுக்கு இருந்ததா, அம்முச்சிக்கு இருந்ததா என்று தோண்டுவதால் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவராது என்பதை மேலே சொன்ன கணக்கே காட்டும். உடல்நலம் பற்றிக் கேட்டே ஆக வேண்டும் என்றால் பெண்ணிடமும் பையனிடமும் ஒரே மாதிரி கேளுங்கள்: இப்போது ஏதாவது சிகிச்சை எடுக்கிறீர்களா, அதைப் பற்றி அவரிடம் நேரில் பேச விருப்பமா என்று. ஒருவர் நம்பிச் சொன்னதை அடுத்த வீட்டு விசாரணைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு சம்பந்தம் முறிந்தால் காரணம் சொல்லாமல் விடுங்கள். ஒரு வார்த்தை ஒரு வீட்டையே மூடிவிடும்.

குடும்ப வரலாறு வேண்டவே வேண்டாம் என்பதில்லை. கேட்க வேண்டிய இடம் மருத்துவமனை. கேட்க வேண்டிய காரணம் பிள்ளைகள். வாசலில் பழகியதை வாசலிலேயே மாற்றலாம் என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அது இதுதான். கோல்டா கின்ஸ்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு, பெற்றவரில் ஒருவருக்குப் பதட்ட நோய் இருந்து, பிள்ளைக்கு இன்னும் வராத 136 குடும்பங்களை எடுத்துக்கொண்டது. ஒரு பகுதியினருக்குக் குடும்பத்தோடு உட்கார வைத்துச் சில வாரங்கள் பயிற்சி. பிள்ளை பயப்படும்போது அதைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றாமல் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைப்பது எப்படி, பெற்றவர் தன் பயத்தைப் பிள்ளை முன் எப்படிக் கையாள்வது என்று. 2015இல் முடிவு வந்தது. பயிற்சி இல்லாத பிள்ளைகளில் ஒரு வருடத்துக்குள் சுமார் 30 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. பயிற்சி பெற்ற குடும்பத்துப் பிள்ளைகளில் 10 சதவீதத்துக்கும் கீழ். மரபணு இரு பக்கமும் மாறவில்லை, வீட்டுப் பழக்கம் மாறியது.

திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிறு வலிக்கிற பிள்ளை, பாட்டி வீட்டில் ஒரு ராத்திரி தங்க முடியாத பிள்ளை, வகுப்பில் பதில் தெரிந்தும் எழுந்து நிற்க முடியாத பிள்ளை எல்லோரும் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரிடம் "உங்க ஊட்டுல யாருக்காச்சும் இப்படி இருந்துச்சுங்களா?" என்று நானும் கேட்கிறேன். அதே கேள்விதான். ஆனால் உங்கள் கேள்வி காதில் இருப்பதால் என்னிடமும் "இல்லீங்க டீச்சர், எங்க வம்சத்துல அப்படியெல்லாம் கிடையாது" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். சீக்கிரம் பிடித்தால் சுலபமாகச் சரியாகிற ஒன்று பத்து வருடம் ஒளிந்து வளர்கிறது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இங்கேதான்.

உதவி தூரத்தில் இல்லை. 2022 அக்டோபரிலிருந்து டெலிமானஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசில்லை. கோவை அரசு மருத்துவமனையிலும் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. இந்த மாத்திரைகள் பழக்கமாகிவிடும் என்று ஒரு பயம் நம் பக்கம் அதிகம். செர்ட்ராலின் வகை மாத்திரைகள் போதைப் பழக்கத்தைத் தருபவை அல்ல. பதட்டத்தை உடனே அடக்கும் அல்பிரஸோலம் போன்ற மாத்திரைகள்தான் நீண்ட நாள் போட்டால் பழக்கமாகும். அவற்றைச் சீட்டில்லாமல் கடையில் வாங்கிப் போடுவதைத்தான் நிறுத்த வேண்டும்.

தங்கை மருத்துவரிடம் திரும்பப் போனாள். சிகிச்சை தொடர்கிறது, வேலையும் தொடர்கிறது. மாத்திரை அட்டை இப்போது அவளுடைய மேசை மேலேயே இருக்கிறது. வரன் வந்தால் பையனிடம் தானே நேரில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். அம்மா இன்னும் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்தில் வரன் அறிமுக நிகழ்ச்சி நடத்துகிறீர்கள். ஜாதகப் பரிமாற்றம் தொடங்கும் முன் பத்து நிமிடம் கொடுத்தால், பெற்றோரிடம் இந்தக் கணக்கைப் படம் போட்டு விளக்க நான் வருகிறேன். காங்கேயம், தாராபுரம், ஈரோடு, பொள்ளாச்சி, எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன். பஸ் செலவு என்னுடையது. அதற்கு முன்பாகவே 14416 என்ற எண்ணை உங்கள் அலுவலகப் பலகையில், ராகு காலம் எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், எழுதி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்து விலங்கியல் ஆசிரியை ஒருவர்